மரப்பாச்சிக் கல்யாணம்: நாராயணவனக் கதைக்கு ஒரு ஸ்டாப் மோஷன் திட்டம்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஊத்துக்கோட்டையிலிருந்து சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் வழியாகப் புத்தூர் செல்லும் சாலையில், புத்தூருக்குச் சற்று முன்னால் வருகிறது நாராயணவனம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகாசராஜனின் தலைநகர் இதுதான் என்றும், அவன் மகள் பத்மாவதியைச் சீனிவாசன் கைப்பிடித்தது இங்கேதான் என்றும் வேங்கடாசல மகாத்மியத்தை ஒட்டிய தலபுராணம் சொல்கிறது. கல்யாண வேங்கடேசுவரர் கோயில் 1967 முதல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் இங்கே வந்து வேண்டிக்கொள்வது இன்றும் நடக்கிறது.

இந்தக் கல்யாணத்தை ஆறு நிமிட ஸ்டாப் மோஷன் படமாக எடுப்பதென்றால் எதை முதலில் ஆராய வேண்டும், எந்த வரிசையில் திட்டமிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். பொம்மையைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்துச் சேர்க்கும் கலை இது. வழக்கமாகக் கதையை எழுதி, காட்சிகளை வரைந்து, அதன்பின் அதற்கேற்ற பொம்மை செய்வார்கள். நாராயணவனத்துக்கு அந்த வரிசை பொருந்தாது என்பது என் கருத்து. பொம்மை ஏற்கெனவே இருக்கிறது. திருப்பதியில் தலைமுறை தலைமுறையாகச் செய்து விற்கப்படும், மணமகளுக்குத் தாய்வீட்டார் கொடுத்தனுப்பும், நவராத்திரிக் கொலுவில் முதலில் ஏறும் மரப்பாச்சி ஜோடிதான் அது. அந்த மரத்தால் எது முடியும், எது முடியாது என்று கண்டறிவதே முதல் ஆராய்ச்சி. திரைக்கதை அதற்குப் பின்னால் வரட்டும்.

2. முன்னோடிகள்

இந்திய சினிமாவின் தொடக்கத்திலேயே இந்த உத்தி இருக்கிறது. 'ராஜா ஹரிச்சந்திரா' 1913-இல் வெளிவருவதற்கு முன்பு தாதாசாகேப் பால்கே ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படமெடுத்தார். பணம் போடக்கூடியவருக்குத் தன் திறமையைக் காட்டுவதற்காக எடுத்த சோதனை அது. பிறகு தீக்குச்சிகளை அசைய வைத்தும் ஒரு குறும்படம் செய்தார். திட்டமிடுகிறவர்கள் பட்டாணிச் செடியிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. பணம் கேட்கப் போகும்போது நூறு பக்க அறிக்கையைவிட அரை நிமிடச் சோதனைப் படம் அதிகம் பேசும்.

தமிழும் தெலுங்கும் ஒருசேர நினைவில் வைத்திருக்கும் திரைக் கல்யாணம் 1957-இல் வந்த 'மாயா பஜார்'. கே. வி. ரெட்டியின் இயக்கத்தில், மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில், கடோத்கஜனான எஸ். வி. ரங்காராவ் கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகத் தின்று தீர்க்கும்போது லட்டுகள் தாமாகப் பறந்து அவர் வாய்க்குள் போகின்றன. கல்யாணச் சாப்பாடு உயிர்பெற்று நகர்வதை நம் பார்வையாளர்கள் அன்றே மனமார ஏற்றுக்கொண்டார்கள். இதை நினைவில் வைத்தே விருந்துக் காட்சியைத் திட்டமிட வேண்டும்.

நம் காலத்தில் சுரேஷ் எரியாட்டின் 'டோக்ரி' களிமண் பொம்மைகளால் ஆனது. அப்பாவின் கடிகாரத்தை உடைத்துவிட்ட சிறுமி, அதைச் சரிசெய்யக் கூடை விற்கப் போகிற கதை. அவருடைய 'தேசி ஊன்' தக்காணத்து நாட்டு ஆட்டுக் கம்பளியைப் பற்றிய படம். அந்தக் கம்பளியையே பொம்மையாகவும் நிலமாகவும் அசைத்து எடுத்திருக்கிறார். 2025-இல் பிரான்சின் அன்னசி விழாவில் அது பரிசு பெற்றது. எதைப் பற்றிய படமோ அதனாலேயே படம் செய்வது என்ற அந்த முடிவுதான் நம் திட்டத்துக்கு மிக நெருங்கிய முன்மாதிரி.

3. பொம்மை

3.1 மரம்

பழைய திருப்பதி மரப்பாச்சி செஞ்சந்தன மரத்தில் செதுக்கப்பட்டது. சேஷாசலம் மலைப்பகுதியின் மண்ணுக்கே உரிய இந்த மரம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது சட்டம். செஞ்சந்தனத்தை வெட்டுவதும் கடத்துவதும் கடும் குற்றம். பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே கட்டை வாங்கிச் செதுக்குவது என்ற பேச்சே வேண்டாம். வீடுகளில் உள்ள பழைய ஜோடியை இரவல் வாங்கலாம். அல்லது லேபாக்ஷி போன்ற அரசு கைவினை அங்காடியில் செய்து முடித்த பொம்மையை ரசீதோடு வாங்கலாம். ரசீதைத் திட்டக் கோப்பில் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது எடை. கனமான பொம்மை அதிகம் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். பாதத்தில் துளையிட்டு, மேடைப் பலகையின் கீழிருந்து திருகாணி முடுக்க வேண்டும். இரவல் வாங்கிய பொம்மையில் துளையிடக் கூடாது. எனவே அண்மைக் காட்சிகளுக்குப் பழைய ஜோடியும், நடந்து திரியும் காட்சிகளுக்கு இலேசான மரத்தில் செய்த நகல்களும் தேவைப்படும். ஏட்டிகொப்பாக்கத்துக் கடைசல் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை மரம் இதற்குப் பொருந்தும். காளஹஸ்திக்கு அருகே மாதவமாலையில் மரம் செதுக்கும் குடும்பங்கள் பல உள்ளன. நகல்களை அங்கேயே செய்யச் சொல்வது தொழிலுக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

3.2 முகம்

மரப்பாச்சியின் முகம் மாறாது. வாய் திறக்காது, இமை மூடாது. இதைக் குறையாக எண்ணி, மாற்றி மாற்றிப் பொருத்தும் முகங்களைச் செய்யலாம் என்ற யோசனை எழும். ஜார்ஜ் பால் அந்த முறையில் பெயர் பெற்றார். இப்போது அமெரிக்காவின் லைக்கா நிறுவனம் முப்பரிமாண அச்சில் ஆயிரக்கணக்கான முகங்களைச் செய்து தள்ளுகிறது. நான் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன். செக் நாட்டின் யிர்ஜி டிர்ன்கா தன் பொம்மைகளுக்கு ஒரே முகத்தை வைத்துக்கொண்டு, தலையின் சாய்வாலும் விளக்கின் கோணத்தாலும் உணர்ச்சியைக் கொண்டுவந்தார். அவரிடம் பயின்ற ஜப்பானின் கிஹாச்சிரோ கவமோட்டோ, தம் நாட்டு நோ நாடக முகமூடியின் இலக்கணத்தைப் பொம்மைக்குக் கொண்டுவந்தார். முகமூடியைச் சற்றுக் கீழே தாழ்த்தினால் துயரம், மேலே தூக்கினால் மலர்ச்சி. மரப்பாச்சிக்கு ஏற்ற பள்ளி இதுதான்.

இதை அளந்தும் பார்த்துவிடலாம். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள அடிப்பாகத்தின் ஒரு விளிம்பில் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு அட்டைத் துண்டுகளை அடுக்கினால் பொம்மை ஏறக்குறைய மூன்று பாகை சாய்கிறது. பத்மாவதி நாணித் தலைகுனிய அது போதும். அந்த இரண்டரை மில்லிமீட்டரை ஒரே தடவையில் வைக்காமல், முதலில் மெல்லிய தாள், பிறகு கனமான தாள், நடுவில் அட்டை, கடைசியில் மறுபடி தாள் என்று பன்னிரண்டு படங்களில் பகிர்ந்தால் அசைவு மெதுவாகத் தொடங்கி மெதுவாக அடங்கும். ஒரே அளவில் பகிர்ந்தால் இயந்திரம் குனிவதுபோல் இருக்கும்.

3.3 உடை

இருபது சென்டிமீட்டர் உயரப் பொம்மை நூற்றறுபது சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணைக் குறிக்கிறது என்றால் விகிதம் எட்டில் ஒன்று. ஐந்தரை மீட்டர் புடவை எழுபது சென்டிமீட்டருக்குள் அடங்கும். இரண்டங்குல ஜரிகைக் கரை ஆறு மில்லிமீட்டர் ஆகும். ஆனால் நூலின் பருமன் எட்டில் ஒன்றாகக் குறையாது. சாதாரணத் துணி அந்த அளவில் சாக்குப்பைபோல் விறைத்து நிற்கும். நாராயணவனம் நெசவாளர்கள் வாழும் ஊர். மிக மெல்லிய பருத்தி வேண்டுமென்று அங்கேயே கேட்டு, கரையை மட்டும் தனியே நெய்து வாங்கலாம். முந்தானை ஓரத்தில் மெல்லிய கம்பியைச் செருகித் தைத்துவிட்டால் துணி தானாக அசையாது. நாம் மடித்த இடத்திலேயே நிற்கும். இதைச் செய்யாவிட்டால், ஒவ்வொரு தொடுகைக்கும் புடவை நடுங்குவது படம் முழுக்கத் தெரியும்.

4. எதை எடுப்பது, எதை விடுவது

இந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு சீனிவாசன் யானையைத் துரத்துவதையும், பத்மாவதியின் தோழிகள் அவன் குதிரையைக் கல்லால் அடிப்பதையும் எடுக்க முயல்வது வீண். அவற்றைக் காளஹஸ்திக் கலம்காரித் துணிக்குக் கொடுத்துவிடலாம். கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பு மையால் கதையைக் கட்டம் கட்டமாக எழுதும் மரபு அது. கேமரா அந்தக் கட்டங்களின்மேல் நகர்ந்தாலே ஒரு நிமிடக் கதை முடிந்துவிடும். மீதி ஐந்து நிமிடங்கள் பொம்மைக்கு. நான்கு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கிறேன்.

முதலாவது, சீனிவாசன் குறி சொல்லும் எருகலப் பெண்ணாக வேடமிட்டு அரசி தரணிதேவியின் அரண்மனைக்கு வருவது. மாறாத முகம் பெரும் வரமாக மாறும் இடம் இதுவே. உடை வேறு, கூடை வேறு, நடை வேறு. முகம் மட்டும் அதே முகம். அரண்மனையில் யாருக்கும் தெரியாதது பார்வையாளர்களுக்கு முதல் கணத்திலேயே தெரிந்துவிடும். நடிகர் நடித்திருந்தால் இதற்கு ஒரு வசனமாவது வேண்டியிருக்கும்.

இரண்டாவது, குபேரனிடம் வாங்கும் கல்யாணக் கடன். பிரம்மாவும் சிவனும் அரசமரமும் சாட்சி. பொம்மைகள் அசையாமல் இருக்க, காசுகள் மட்டும் நகர்ந்து அடுக்கடுக்காய் ஏறட்டும். பால்கேயின் தீக்குச்சிகளும், ஈஷு பட்டேல் 1977-இல் கனடாவில் ஆயிரக்கணக்கான மணிகளைக் கொண்டு எடுத்த படமும் இதற்கு வழிகாட்டும். எடுப்பதற்கு மிக எளிதான பகுதி என்பதால் படப்பிடிப்பை இதிலிருந்தே தொடங்கலாம்.

மூன்றாவது, விருந்து. கல்யாணச் சமையலுக்கு மாவரைத்தது என்று சொல்லப்படும் பெரிய திருகைக் கல் கோயிலில் இருக்கிறது. ஊரார் இந்தக் கதையை நம்புவதற்குக் கையால் தொடக்கூடிய சான்று அது. கோயிலின் உட்பகுதியில் இஷ்டம்போல் படமெடுக்க முடியாது; நின்று பார்த்து, வெளியே வந்து வரைந்து, மறுநாள் போய்ச் சரிபார்க்க வேண்டும். கல் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, பிடி செருகும் குழி எங்கே என்பதெல்லாம் வரைபடத்தில் வர வேண்டும். சிறிய அளவில் திருகை செய்வது கடினமல்ல. அதிலிருந்து சரியும் மாவுதான் கடினம். தூள் ஒருமுறை கலைந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. எனவே ஒவ்வொரு மாவுக் காட்சியையும் இடைவெளியின்றி ஒரே அமர்வில் எடுத்து முடிக்க வேண்டும்.

நான்காவது, தாலி. மரப்பாச்சியின் கை உடலோடு ஒட்டிச் செதுக்கப்பட்டது. அதனால் முடிச்சுப் போட முடியாது. மூட்டு வைத்த கையைப் பொருத்தினால் அது மரப்பாச்சியாக இருக்காது. என் தீர்வு இது: மஞ்சள் நூலுக்குள் செம்புக் கம்பியை வைத்து, நூலே தட்டிலிருந்து எழுந்து, பத்மாவதியின் தோளைச் சுற்றி, பிடரிக்குப் பின்னால் மூன்று முறை முடிந்துகொள்ள வேண்டும். கடவுளின் கல்யாணத்தில் நூல் தானாக நடப்பதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். முழுத் திட்டத்துக்கும் பணம் தேடப் போகும்போது சோதனைப் படமாக இந்தக் காட்சியைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும். இது நின்றால் படம் நிற்கும்.

5. கணக்கு

விநாடிக்கு இருபத்துநான்கு படச் சட்டகங்கள். ஒவ்வொரு நிலையையும் இரண்டு சட்டகங்களுக்கு வைத்தால் பன்னிரண்டு நிலைகள். குறிக்கு நூறு விநாடி, கடனுக்கு அறுபது, விருந்துக்கு எண்பது, தாலிக்கு அறுபது என 300 விநாடிகள். அதாவது 3600 நிலைகள். தேர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு நான்கு விநாடி எடுத்தால் 75 நாட்கள். மறுபடப்பிடிப்புக்கு 15 நாட்கள் சேர்க்க வேண்டும். இதைக் குறைத்துச் சொல்லி யாரையும் ஏமாற்றக் கூடாது.

6. படப்பிடிப்பு அறை

கோடையில் இப்பகுதியின் வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டும். அந்த மாதங்களை ஆராய்ச்சிக்கும் ஒலிப்பதிவுக்கும் ஒதுக்கலாம். அறைக்குள் பகல் வெளிச்சம் ஒரு கீற்றும் நுழையக் கூடாது. வெயில் நகர்வது படத்தில் ஒளித்துடிப்பாகத் தெரியும். மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் அதே துடிப்பு வரும். விளக்குகளை இன்வெர்ட்டர் வழியாக எரிப்பதும், ஒவ்வொரு படத்தையும் கால் விநாடிக்கு மேல் திறந்து எடுப்பதும் மின்சாரத்தால் வரும் துடிப்பைக் குறைக்கும். துவாரத்தைக் கையால் திருகும் பழைய லென்ஸ் போதும், அதுவே நல்லதும்கூட. பொம்மையை நகர்த்துகிறவர் கறுப்புச் சட்டை அணிய வேண்டும். வெள்ளைச் சட்டையின் எதிரொளி பொம்மையின் கன்னத்தில் விழும்.

இந்த ஊருக்கே உரிய எச்சரிக்கை ஒன்று: அறைக்குப் பக்கத்தில் தறி ஓடக் கூடாது. விசைத்தறியின் அதிர்வு தரைவழியே வந்து, மேடைமேல் அடுக்கிய காசுகளை நம் கண்ணுக்குத் தெரியாமல் நகர்த்திவிடும். வாடகை பேசும் முன் ஒரு தம்ளர் தண்ணீரைத் தரையில் வைத்து அரை நாள் பார்த்துக்கொள்வது நல்லது.

7. ஒலியும் இரு மொழியும்

1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோதும், 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோதும், இந்தப் பகுதி மக்கள் தமிழும் தெலுங்கும் கலந்தே வாழ்ந்தார்கள். இன்றும் அப்படித்தான். எனவே படம் இரு மொழியிலும் பேச வேண்டும். 'மாயா பஜார்' இரு மொழிகளிலும் வந்தபோது காட்சிகளை இருமுறை எடுக்க வேண்டியிருந்தது. வாய் அசையாத மரப்பாச்சிக்கு அந்தச் செலவே இல்லை. உதடும் குரலும் பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆனால் ஒரே செய்தியைச் சொல்லும் தமிழ் வரியும் தெலுங்கு வரியும் ஒரே நீளத்தில் அமைவதில்லை. குறி சொல்லும் காட்சியில் இது பெரிய வித்தியாசமாகும். ஆகவே முதல் சட்டகத்தை எடுக்கும் முன்பே இரு மொழிக் குரல்களையும் பதிவு செய்துவிட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இரண்டில் நீண்டதை அளவாகக் கொண்டு பொம்மையின் சாய்வையும் திருப்பத்தையும் கணக்கிட வேண்டும். குறுகிய வரி முடிந்தபின் மிஞ்சும் விநாடிகளில் கூடைக்குள்ளிருக்கும் நெல்மணிகள் நகரட்டும். அந்த நகர்வுகளையும் பகுதி 5-இன் கணக்கிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.