மூணு விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம்

1/ கிராம் கணக்கில் எழுதின மருந்தை, தராசே இல்லாத வீட்டில் எப்படிக் கலக்குறது? லட்சக்கணக்கான குழந்தைகளோட உயிர் இந்தக் கேள்வியில் தொங்கிக்கிட்டு இருந்த காலம் ஒண்ணு உண்டு. அந்த வரலாற்றைச் சொல்றேன்.

2/ காலரா, வயிற்றுப்போக்கில் உயிரை எடுப்பது நீரிழப்பு. குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட்டிட்டுப் போகும். தண்ணீர் பின்னாடியே போகும். இதை வச்சு வாய்வழியாகவே நோயாளிகளைக் காப்பாத்தலாம்னு 1968இல் டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் காட்டினாங்க.

3/ 1971, வங்கதேசப் போர். போங்காவ் அகதிகள் முகாமில் காலரா. சலைன் பாட்டில் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மஹலநபிஸ் குழு கல்கத்தாவில் உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம், குளுக்கோஸ் 22 கிராம்னு எடைபோட்டு பிளாஸ்டிக் பையில் அடைச்சு அனுப்பினாங்க. இது ஒரு லிட்டர் தண்ணீருக்கான அளவு. இறப்பு சுமார் 30 சதவீதத்தில் இருந்து 3.6 சதவீதமாக் குறைஞ்சது.

4/ சரி, அங்கே எடைபோட ஆள் இருந்தாங்க. பாக்கெட்டே போய்ச் சேராத கிராமத்துக்கு?

5/ 1980இல் வங்கதேசத்தின் பிராக் அமைப்பு வீடு வீடாப் போக ஆரம்பிச்சது. தராசுக்குப் பதில் அம்மாவோட கை. மூணு விரலால் அள்ளுற ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சேர் என்பது எடை அளவு; அரை சேர் தண்ணீர் ஏறக்குறைய 466 மில்லி. அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அந்த அளவுக்குக் கோடு போட்டுக் கொடுத்தாங்க.

6/ கைக்குக் கை அளவு மாறாதா? மாறும். அதனால் அம்மாக்கள் கலக்கின கரைசலை ஆய்வகத்தில் சோதிச்சாங்க. பெரும்பாலானவை பாதுகாப்பான அளவுக்குள்ளேயே இருந்தன. சொல்லிக்கொடுத்ததை அந்த அம்மா எவ்வளவு ஞாபகம் வச்சிருக்காங்கன்னு சில வாரம் கழிச்சுப் பார்த்துத்தான் பணியாளருக்குச் சம்பளம். பத்து வருஷத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயிட்டாங்க.

7/ எடையை அளவா மாத்துறதில் எங்கே வழுக்கும்? ஒரே டீஸ்பூனில் தூள் உப்பு நெருக்கமா உட்காரும். கல் உப்பில் இடைவெளி அதிகம், எடை குறையும். குவிச்சு அள்ளினா எடை எகிறிடும். சாம்பாரில் உப்பு கூடினா முகம் சுளிப்போம். கைக்குழந்தையோட கரைசலில் கூடினா ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகும்.

8/ இன்னிக்கு நமக்கு பாக்கெட் கிடைக்குது. அதைத்தான் முதலில் வாங்கணும். 1 லிட்டர் பாக்கெட்னா முழுசா 1 லிட்டரில் கொட்டுங்க. ஒரு டம்ளருக்குன்னு குத்துமதிப்பா கொஞ்சம் கொட்டாதீங்க. சின்ன பாக்கெட்டும் உண்டு. பின்பக்கம் படிச்சுட்டுக் கலக்குங்க.

9/ பாக்கெட் கிடைக்காத அவசரத்துக்கு மட்டும்: 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் தூள் உப்பு. 5 மில்லி டீஸ்பூன்தான், சாப்பாட்டு ஸ்பூன் இல்லை. குழந்தை சோர்ந்து படுத்தாலோ, சிறுநீர் குறைஞ்சாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டு வைத்தியத்தோட நிக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி.

10/ உயிர் காக்கும் மருந்தை சமையலறைக்குக் கொண்டுவந்தவங்க, அளவையும் சேர்த்தே கொண்டுவந்தாங்க. அளவை விட்டுட்டா அது வெறும் உப்புத் தண்ணி.