பனிமலையில் ஒரு சாட்சியம்: ஸ்கீயின் வரலாற்றில் சாமியர்

குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலைகளில் நண்பர்கள் மூவரோ நால்வரோ விடியலுக்கு முன்பே புறப்படுகிறார்கள். ரோப்கார் இல்லை, செப்பனிட்ட சறுக்குத்தளமும் இல்லை. காலில் கட்டிய நீண்ட பலகைகளின் அடிப்புறத்தில் ஒரு மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஏறுகிறார்கள். உச்சியை அடைந்ததும் பட்டையை உரித்துச் சுருட்டி வைத்துவிட்டு இறங்குகிறார்கள். இதற்கு ஸ்கீ டூரிங் என்று பெயர். தமிழில் இதையும் பனிச்சறுக்கு என்றே குறிக்கிறோம். அந்தச் சொல்லில் இறக்கம் மட்டுமே இருக்கிறது. நாளின் பெரும்பகுதியை விழுங்கும் ஏற்றம் அதில் இல்லை.

பொதுவாக எழுதப்படும் வரலாறு இந்தப் பழக்கத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. நார்வேயைச் சேர்ந்த ஃபிரித்யோஃப் நான்சன் 1888-இல் கிரீன்லாந்தின் பனிவெளியை ஸ்கீயில் கடந்தார். அவருடைய நூல் 1890-இல் வெளிவந்து, விரைவில் ஜெர்மன் மொழிக்கும் சென்று, மத்திய ஐரோப்பிய இளைஞர்களிடையே ஒரு ஸ்கீ மோகத்தையே கிளப்பிவிட்டது. 1897 ஜனவரியில் வில்ஹெல்ம் பால்க்கேயும் தோழர்கள் நால்வரும் சுவிட்சர்லாந்தின் பெர்னீஸ் ஓபர்லாந்து பனிமலைகளை ஸ்கீயில் ஊடறுத்துச் சென்றார்கள். இவை பிழையான செய்திகள் அல்ல. ஆனால் இந்த வரிசையில் நான்சனுக்கு ஓர் அடி முன்னால் நிற்க வேண்டிய இருவர் விடுபட்டுப்போகிறார்கள்.

1883-இல் அடால்ஃப் எரிக் நூர்டென்ஷெல்டு கிரீன்லாந்தின் உட்பகுதியை ஆராயச் சென்றார். பனிக்கு அப்பால், தீவின் நடுவே, பனியில்லாத நிலம் இருக்கக்கூடும் என்பது அவருடைய நம்பிக்கை. மேற்குக் கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் உள்ளே சென்றதும் சேறுபோல் இளகிய பனியில் குழு சிக்கி நின்றது. உடன் வந்திருந்த சாமியர் இருவரை, பாவ்வா லார்ஸ் துவோர்தாவையும் ஆந்தெர்ஸ் ராஸாவையும், ஸ்கீயில் முன்னே அனுப்பினார். (இவர்கள் ஸ்காண்டிநேவியாவின் வடக்கில் வாழும் தொல்குடியினர். நம் ஊர்ச் 'சாமி'யோடு குழம்பாதிருக்கச் சாமியர் என்று எழுதுகிறேன். அக்கால நூல்கள் பயன்படுத்தும் 'லாப்' என்பது பிறர் இட்ட பெயர். அம்மக்கள் அதை இழிவாகவே கருதுகிறார்கள்.) 57 மணி நேரம் கழித்து இருவரும் திரும்பினார்கள். போக 230, வர 230, ஆக 460 கிலோமீட்டர் சென்று வந்ததாகவும், எங்கும் பனியைத் தவிர வேறெதுவும் இல்லை என்றும் சொன்னார்கள்.

இந்தச் சாட்சியத்தின் பின்பாதி ஒரு பேராய்வாளரின் கருதுகோளையே கவிழ்த்தது. ஆனால் ஐரோப்பாவில் கேள்வி எழுந்தது முன்பாதியைப் பற்றித்தான். மனிதனால் 57 மணி நேரத்தில் அவ்வளவு தொலைவு செல்ல முடியுமா? இருவரும் மிகைப்படுத்துகிறார்கள் என்ற ஐயம் பரவியது. தன் சாட்சிகளைக் காப்பாற்ற நூர்டென்ஷெல்டு வினோதமான ஒரு வழியைக் கண்டார்: பந்தயம். 1884 ஏப்ரலில் வட சுவீடனின் யாக்மாக் பகுதியில், பூர்கியாவூரிலிருந்து குவிக்யாக் வரை சென்று திரும்பும் 220 கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. வென்றவர் துவோர்தா, எடுத்துக்கொண்ட நேரம் 21 மணி 22 நிமிடம். அடுத்து வந்தவர் ஐந்து நொடிகளே பின்தங்கியிருந்தார்.

கணக்கிட்டுப் பார்ப்போம். கிரீன்லாந்தில் சொல்லப்பட்ட வேகம் மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். பந்தயத்தில் 10-க்குச் சற்று மேல். கண்டிப்பாகப் பார்த்தால், பழகிய நிலத்தில் வென்ற ஓட்டம் கிரீன்லாந்துத் தொலைவை மெய்ப்பித்துவிடாது. அப்படியொரு பயணம் உடலால் இயலும் என்பதை மட்டுமே அது காட்டும். இருந்தாலும் என்னை உறுத்துவது இந்த ஏற்பாட்டின் அமைப்பு. அக்காலத்துப் பயணியர் பலர் தந்த தொலைவுகள் அவர்களுடைய குறிப்பேட்டின் பேரிலேயே ஏற்கப்பட்டன. தொல்குடி மனிதர் தம் சொல்லுக்குச் சான்றாகத் தம் கால்களையே மறுபடி தர வேண்டியிருந்தது.

அந்த 1883-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, நாளிதழ்ச் செய்தியை யாரோ வாசிக்கக் கேட்டபோதுதான் கிரீன்லாந்தை ஸ்கீயில் கடக்கும் எண்ணம் தனக்கு உதித்தது என்று நான்சனே எழுதியிருக்கிறார். அந்தச் செய்தி நூர்டென்ஷெல்டு குழுவினர் திரும்பியதைப் பற்றியது; சாமியர் ஸ்கீயில் கடந்த தொலைவும் அதில் சொல்லப்பட்டிருந்தது. ஆக, 1888-இன் விதை துவோர்தாவும் ராஸாவும் சொன்ன சொல்தான்.

நான்சனின் அறுவர் குழுவிலும் காராஷோக் ஊரைச் சேர்ந்த சாமியர் இருவர் இருந்தனர்: சாமுவேல் பால்த்தோ, ஊலே நீல்சன் ராவ்னா. நூலின் பல இடங்களில் இவர்கள் அஞ்சுபவர்களாகவும் நகைப்புக்கு உரியவர்களாகவும் காட்டப்படுகிறார்கள். ஆனால் அதே நூலில் பால்த்தோ தானே விவரித்த சில பகுதிகளும் இடம்பெற்றிருக்கின்றன. ஒரே பயணத்துக்கு இரு குரல்கள். பயண இலக்கியம் பயிலும் மாணவர்கள் அவற்றை அருகருகே வைத்து வாசித்துப் பார்க்க வேண்டும்.

மொழியியல் படித்தவள் என்பதால் அந்நூலில் என்னை அதிகம் ஈர்த்தது ஸ்கீயின் வரலாற்றைப் பேசும் இயல்தான். உயிரியல் பயின்ற நான்சன் அங்கே சொற்களைத் திரட்டுகிறார். 'ஸ்கீ' என்பது பழைய நார்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டைக் குறித்த சொல்லின் வழிவந்தது. ஜெர்மனில் விறகுக்கட்டையைக் குறிக்கும் 'ஷைட்' அதற்கு உறவு. ஆனால் ஃபின்னிய மொழியில் அந்தப் பலகைக்குப் பெயர் 'சுக்ஸி'. நெடுந்தொலைவில், கிழக்குச் சைபீரியாவின் எவென்கி மொழியில் 'சுக்ஸில்லா'. இத்தகைய ஒற்றுமைகளைக் கொண்டு, ஸ்கீ அல்தாய்–பைக்கால் பகுதியில் பிறந்து மேற்கே பரவியது என்று நான்சன் முடிவு செய்தார். தம் நாட்டின் பெருமை எனக் கருதப்பட்ட ஒன்றின் ஊற்றை வேறிடத்தில் காட்ட அவர் தயங்கவில்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

முறையியல் நோக்கில் அம்முடிவு தாங்காது. ஃபின்னியமும் எவென்கியும் வெவ்வேறு மொழிக்குடும்பங்கள். ஒலி ஒற்றுமை கடன்வாங்கலால் வந்திருக்கலாம்; கடன் எத்திசையிலும் நிகழ்ந்திருக்கலாம். சொல் சென்ற வழியும் பொருள் சென்ற வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 'அரிசி'க்கும் கிரேக்க 'ஒரிஸா'வுக்கும் உறவு தேடும் நம்மவர் விவாதத்திலும் இதே இடறல்தான்: அந்த உறவே நிலைநாட்டப்பட்டாலும் நெல் முதலில் எங்கே விளைந்தது என்பது அதனால் தெரியவராது. தொல்லியல் சான்றும் நேர்கோட்டில் இல்லை. ரஷ்யாவின் ஐரோப்பியப் பகுதியில், வடகிழக்கே, விஸ் என்னுமிடத்துச் சதுப்பில் கிடைத்த ஸ்கீத் துண்டு ஏறத்தாழ 8000 ஆண்டுப் பழமையுடையது. அதன் அடியில் எல்க் மானின் தலை செதுக்கப்பட்டிருக்கிறது. சுவீடனின் கால்வ்த்ரஸ்க் ஸ்கீக்கு வயது 5000 ஆண்டுகளுக்கு மேல். மரம் சதுப்பில்தான் அழியாமல் தங்கும். எனவே இவை ஸ்கீ பிறந்த இடங்களைக் காட்டிலும் மரம் பிழைத்த இடங்களையே நமக்குக் காட்டுகின்றன.

அல்தாயைப் பற்றி வேறொரு சான்று உண்டு. தாங் காலத்தைப் பற்றிய சீன நூல்கள், வடக்கே 'மரக்குதிரை' ஏறிப் பனியில் மான் வேட்டையாடும் மக்களைக் குறிப்பிடுகின்றன. பலகையின் அடியில் குதிரைத்தோல் பொருத்தப்பட்டிருந்ததையும் சொல்கின்றன. பசுவின் முதுகை மயிர் படிந்த வாக்கில் நீவினால் கை வழுக்கும், எதிர்வாக்கில் தள்ளினால் தடுக்கும். அதே தத்துவந்தான். மயிரின் நுனி பின்னோக்கிப் படிந்திருப்பதால் பலகை முன்னே நழுவும், சரிவில் பின்னே வழுக்காது. அல்தாய் மக்கள் இன்றும் குதிரைக்கால் தோலை இப்படிப் பயன்படுத்துகிறார்கள். ஆல்ப்ஸ் ஏறும் நண்பர்கள் ஒட்டும் பட்டையும் இதுவே; நைலானாலோ மொஹேர் ஆட்டுமயிராலோ நெய்யப்படுகிறது, அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அதைச் 'சீல் தோல்' என்றே அழைக்கிறார்கள். சீல் விலங்கு எப்போதோ அதிலிருந்து போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பெயர்கள் தங்கும் விதத்துக்குப் பால்த்தோவையும் சொல்ல வேண்டும். அவர் 1898-இல் துருவ மான் மேய்ப்பர்களுடன் அலாஸ்காவுக்குப் போனார், அங்கே தங்கம் தேடினார், 1921-இல் இறந்தார். 1925-இல் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது மருந்தைக் கொண்டு சேர்த்த கடைசி ஸ்லெட்ஜ் வண்டியை இழுத்த நாய்களில் ஒன்றுக்கு அவருடைய பெயர் இடப்பட்டிருந்தது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அதே ஆண்டு நிறுவப்பட்ட சிலையைக் காண இன்றும் கூட்டம் வருகிறது. பால்த்தோ என்று தேடினால் முதலில் கிடைப்பது அந்த நாய்தான்.