ஸ்ரீ தொலைந்த கோப்பு

பெரியப்பா இறந்தது 2019இல். மூன்று மாதம் கழித்து ராஜபாளையம் வீட்டுப் பரணில் ஒரு சிடி கிடைத்தது. மேலே மார்க்கர் பேனாவில் 'ஊர்க்கதை - முழுசும்' என்று அவர் கையெழுத்து. அவர் பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வுபெற்ற பிறகு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சைக்கிளில் அலைந்து, பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள், மில்லில் வேலை பார்த்தவர்கள், ஆண்டாள் தேர் இழுத்தவர்கள் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிவைத்தவர். 1999 வாக்கில் ஒரு டிடிபி கடையில் கொடுத்து அதைத் தட்டச்சு செய்து வாங்கினார். புத்தகமாகப் போடக் காசு சேரவில்லை. நோட்டுகளைக் கரையான் தின்றது. மிஞ்சியது இந்த சிடி மட்டும்தான்.

திறந்தோம். தமிழே இல்லை. தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக ஓடின.

"போச்சுடா, வைரஸ் தின்னுருச்சு" என்றான் அண்ணன்.

வைரஸ் இல்லை, ஃபான்ட். கோப்பு முழுசாக இருந்தது, அதைப் படிக்கத் தேவையான எழுத்துரு எங்களிடம் இல்லை. கடையும் இல்லை. எழுத்துகள் கண்முன்னே இருந்தும் எங்களால் அவற்றைப் படிக்க முடியவில்லை. அறிவைப் பகிர்வது என்று நாம் சாதாரணமாகப் பேசுகிற விஷயத்துக்கு எத்தனை பூட்டுகள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

முதல் பூட்டு, கதவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் என்று ஒன்று இருக்கிறது. 1875இல் தொடங்கியது. அப்போது இந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, மாவட்ட ஆட்சியர் பென்னிங்டன் பெயர்தான் நூலகத்துக்கு. சென்னையில் கன்னிமாரா நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1896இல். அதாவது தலைநகரத்தின் பெரிய நூலகத்துக்கு இருபத்தொரு வருஷம் முன்பே, கோபுரத்துக்குப் பேர்போன ஒரு சின்ன ஊரில் புத்தகத்துக்கென்று ஒரு கதவு திறந்திருந்தது. பெரியப்பா மாதத்துக்கு இரண்டு தடவையாவது பஸ் ஏறி அங்கே போவார். "வீட்ல இருக்குற புஸ்தகம் எனக்கு. அங்க இருக்குற புஸ்தகம் நமக்கு" என்பார்.

ஆனால் நூலகத்தால் கதவைத்தான் திறக்க முடியும். உள்ளே இருக்கிற புத்தகத்தை ஆயிரம் பேர் படிக்கலாம், ஒருவரும் அச்சடிக்க முடியாது. அது இரண்டாவது பூட்டு, உரிமை.

இந்தப் பூட்டின் கதை தமிழில் பாரதியோடு சேர்ந்தது. பாரதி 1921இல் இறந்தார். அவருடைய பாட்டுகளின் உரிமை குடும்பத்திலிருந்து கைமாறியது. ஒலிப்பதிவு உரிமை ஒரு வணிக நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து ஏ.வி. மெய்யப்ப செட்டியார் கைக்கு வந்தது. 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. அடுத்த வருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது உரிமைப் பிரச்சினை வெடித்தது. சுதந்திரம் கிடைத்தால் எல்லாரும் பாடிக் கொண்டாடுவார்கள் என்று பாரதி நம்பினார். சுதந்திரமும் கிடைத்தது. ஆனால் அவர் பாட்டைப் பாட யாரிடமோ அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் என்ற பெயரில் கிளம்பினார்கள். நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி எழுத்துகளின் உரிமையை வாங்கியது. சட்டசபையில் அதை அறிவித்தவர் கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1948இன் பொது நூலகச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரேதான். ஒரே மனிதர் கதவையும் திறந்தார், உரிமையையும் திறந்தார். மெய்யப்ப செட்டியார் தன்னிடமிருந்த உரிமையைக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார். குடும்பத்துக்கு அரசு தொகை கொடுத்தது. பிறகு 1950களின் நடுவில் பாரதி எல்லாருக்கும் பொது என்று ஆனார்.

அந்த 1949 ஏப்ரலில் மாகாண ஆட்சிப் பொறுப்புக்கு வந்தவர் ராஜபாளையத்துக்காரர், பி.எஸ். குமாரசாமி ராஜா. இந்த ஊரில் அவரைப் பற்றி முதலில் சொல்வது முதலமைச்சராக இருந்தார் என்பதை அல்ல. சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார் என்பதைத்தான். கொடுத்ததைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது.

பாரதி கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அவர் பாட்டு தானாகப் பொதுவாகவில்லை. யாரோ கேட்டார்கள், யாரோ விட்டுக்கொடுத்தார்கள், யாரோ பணம் கொடுத்தார்கள். ஒருவரும் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அன்றைய சட்டப்படி 1971 வரை காத்திருந்திருக்க வேண்டும். இப்போது இந்தியச் சட்டத்தில் எழுதியவர் இறந்து அறுபது வருஷம். என் பெரியப்பா கணக்குக்கு, 2079 முடியும்வரை.

சரி, கதவும் திறந்து உரிமையும் திறந்தாகிவிட்டது. அப்புறமும் படிக்க முடியவில்லை என்றால்? அதுதான் மூன்றாவது பூட்டு, எழுத்து.

கணினி ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும். தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்தார்கள். ஒருவருடைய 'க' இன்னொருவருக்கு 'ழ'. யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் இருந்தது, ஆனால் சாதாரணக் கணினிகளில் அது வேலைசெய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000 வந்த பிறகு. நடுவில் உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய 'தகுதரம்' வந்தது. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலிருந்து அரசின் டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன. 2010இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. இந்தப் பத்து இருபது வருஷத்துக்குள் டிடிபி கடைகளில் தட்டச்சான கல்யாணப் பத்திரிகை, சிறுபத்திரிகை, ஊர் வரலாறு எல்லாம் இப்போது எத்தனை சிடிகளில் கொம்பும் புள்ளியுமாகக் கிடக்கின்றனவோ.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் இதே மாதிரி ஓர் எரிச்சலில்தான் பிறந்தது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் ஒரு பிரிண்டர் அடிக்கடி சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய ரிச்சர்ட் ஸ்டால்மன் மூலநிரல் கேட்டார். வைத்திருந்தவர் தர மறுத்தார், வெளியே கொடுக்க மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார். ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். அதன் கொள்கை சுருக்கமானது: நிரலை யாரும் எதற்கும் ஓட்டலாம், படித்து மாற்றலாம், பிறருக்கு நகல் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். விலை இதில் விஷயமே இல்லை. சாவி யார் கையில் என்பதுதான் விஷயம்.

மூன்று பூட்டையும் திறந்துவிட்டால் போதுமா? போதாது, உட்கார்ந்து வேலை பார்க்கக் கைகள் வேண்டும். 1998 பொங்கல் சமயத்தில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்றார். முகம் பார்த்தே இராத ஆட்கள் பல நாடுகளில் உட்கார்ந்து, ஒருவர் தட்டச்சு செய்ய இன்னொருவர் மெய்ப்புப் பார்க்க, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் அப்படி வந்தன. வில்லிபுத்தூர்க்காரர்களான பெரியாழ்வாரும் ஆண்டாளும் அதில் உண்டு. எழுத்துத்தரம் மாறியபோதெல்லாம் அந்தக் கோப்புகளும் மாற்றப்பட்டன. பெரியப்பாவின் சிடிக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை.

இது ஏன் பொழுதுபோக்கு இல்லை என்பதை யாழ்ப்பாணத்தைக் கேட்டால் தெரியும். 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் போயின. வேறெங்கும் நகல் இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி இணையத்தில் வைப்பதற்குப் பின்னால் அந்தச் சாம்பல் இருக்கிறது. ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் போகும். பல இடங்களில் இருக்க வேண்டுமென்றால் நகலெடுக்க அனுமதி வேண்டும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அந்த அனுமதியோடுதான் வந்தது. பிறகு தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் விக்கிமூலத்துக்குக் கொடுத்தது. பக்கங்களின் படத்தை எழுத்தாக மாற்றப் பெரும்பாலும் பயன்பட்டது கூகுளின் மூடிய கருவி. அதை விக்கிமூலத்தோடு இணைத்த நிரல் மட்டும் திறந்தது. டெசராக்ட் என்ற திறந்த கருவி இருக்கிறது, ஆனால் அப்போது பழைய தமிழ் அச்சில் அது நிறையத் தடுமாறியது. திறந்த நூலுக்கு மூடிய கருவியை நம்பியிருப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. நாளைக்கு அந்தக் கதவைச் சாத்தினால்?

இப்போது சிடிக்கு வருகிறேன். சென்னையில் இருக்கிற நண்பன் ஒருத்தன், 'ஓப்பன்-தமிழ்' போன்ற திறந்த நிரல்களோடு புழங்குகிறவன். கோப்பில் ஒரு பக்கம் அனுப்பச் சொன்னான். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று பழைய எழுத்துருக்களின் அட்டவணையைப் பலர் உட்கார்ந்து எழுதி வெளியே வைத்திருக்கிறார்களாம். நாலாவது அட்டவணை பொருந்தியது. 143 பக்கம் தமிழ் கொட்டியது. அண்ணன் சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பித்தான், பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டான்.

ஒரே ஒரு குறை. 'ஸ்ரீ' மட்டும் எங்குமே வரவில்லை. 143 பக்கத்திலும் வெறும் வில்லிபுத்தூர். ஊரில் பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்கிறோம், அதனால் பெரியப்பா பேசுகிற மாதிரியே இருந்தது.

பிறகு சண்டை வந்தது. இணையத்தில் போடலாம் என்றேன் நான். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்பா அஞ்சு வருஷம் வெயில்ல அலைஞ்சாருடா. எவனாவது எடுத்து அவன் பேர்ல புஸ்தகமா போட்டுக்குவான்."

அவன் பயம் நியாயமானது. பொது என்றால் யாருடையதும் இல்லை என்று நினைத்துவிடுகிறவர்கள் நிறைய. ஆனால் இந்த ஊருக்கு வேறொரு வழி தெரியும். பால்கோவா எப்படிக் கிண்டுவது என்பது இங்கே ரகசியமே இல்லை. பால், சீனி, அடுப்பு, கை. யாரும் எங்கும் செய்யலாம். 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்ற பெயருக்குத்தான் 2019இல் புவிசார் குறியீடு. முறை எல்லாருக்கும், பெயர் ஊருக்கு. திருப்பாவையும் அப்படித்தான். முப்பதாவது பாட்டில் பாடியவள் பெயரும் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கின்றன, பாடுகிறவர்களுக்கு வாழ்த்தும் இருக்கிறது. பாட்டை எடுத்துக்கொள், எந்த ஊரிலும் பாடு, என் பெயரோடு பாடு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இன்றைக்குச் சட்ட மொழியில் கேட்பதும் அதைத்தான்: பெயரைச் சொல். இன்னொரு நிபந்தனையும் சேர்த்துக்கொள்ளலாம்: நீ மாற்றினால் அதையும் திறந்தே வை.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். பதில் பேசவில்லை. பெரியம்மாதான் கேட்டாள்.

"அவரு யாருக்குச் சொல்றதுக்கு இதை எழுதுனாரு? நமக்கா? நம்மகிட்டதான் தினம் சொல்லிட்டே இருந்தாரே."

மறுநாள் அண்ணன் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கதைக்குக் கீழேயும் யார் சொன்னது, எந்தத் தெரு என்று பெரியப்பா எழுதியிருந்தார். அதைத் தொட்டுக்காட்டி, "இந்தப் பேரெல்லாம் இருக்கணும், ஒண்ணுகூட எடுக்கக் கூடாது" என்றான். சரி என்றேன். உரிமம் போட்டோம்.

இன்னும் ஏற்றவில்லை. தொலைந்த ஸ்ரீயை ஒவ்வொன்றாகக் கையால் போட்டுக்கொண்டிருக்கிறோம். நேற்று 61ஆம் பக்கம். அண்ணன்தான் மெய்ப்பு.