கற்பூர மரத்தின் இரண்டு இலைகள்

1840-களில் ஊட்டியிலும் குன்னூரிலும் குடியேறியிருந்த ஆங்கிலேயருக்கு அன்றாடக் கவலை விறகுதான். பள்ளங்களில் இருந்த சோலைக் காடுகளை வெட்டி எரித்துக்கொண்டே வந்தார்கள். நிதானமாக வளரும் சோலை மரங்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 1843-இல் மதராஸ் பொறியாளர் படையின் கேப்டன் காட்டன் டாஸ்மேனியாவின் யூகலிப்டஸை நீலகிரியில் நட்டார். 1863-இல் ஊட்டியின் ஆரம்பி என்ற இடத்தில் பெரிய தோட்டமே எழுந்தது. வாசனையைப் பிடித்துக்கொண்டு மலைமக்கள் அதைக் கற்பூர மரம் என்றார்கள்.

இந்த மரத்துக்கு இரண்டு உருவம் உண்டு. கன்றின் தண்டைத் தடவினால் நான்கு பட்டையும் விரலில் தட்டுப்படும். இலைக்குக் காம்பு கிடையாது. எதிரெதிராக, அகலமாக, தண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும். நிறம் சாம்பல் பூத்த நீலம். அந்த நீலம் வெறும் மெழுகுப் பூச்சுதான்: கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் அழிந்து, அடியில் பச்சை தெரியும். சில ஆண்டுகள் கழித்து உச்சியில் வரும் இலையோ வேறு சாதி. நீண்ட காம்பு, அரிவாள் வளைவு, தடித்த தோல், மெழுகில்லாத கரும்பச்சை. எதிரெதிர் வரிசை போய் மாறிமாறி முளைக்கும். வெயிலுக்கு விளிம்பைக் காட்டிச் செங்குத்தாகத் தொங்கும்.

1792-இல் இம்மரத்தை டாஸ்மேனியாவில் சேகரித்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லபிலார்தியேருக்கு, பூவைப் பறிக்க மரத்தையே வெட்டிச் சாய்க்க வேண்டியிருந்தது. பூக்கும் உருவம் அவ்வளவு உயரத்தில் இருந்தது. செடிகளின் இளமை உருவத்தைத் தனிப் பொருளாக ஆராய்ந்தவர் ஜெர்மானியரான கார்ல் கேபல். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அது நடந்தது.

நீலகிரியின் விறகுக்காரர்களுக்கு இந்த மாற்றம் அன்றாடக் காட்சி. கற்பூர மரத்தை வெட்டினால் அது சாவதில்லை. அடிக்கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். முப்பது ஆண்டு அரிவாள் இலையையே விட்டுவந்த மரமாக இருந்தாலும், அந்தத் துளிரில் வருவது காம்பில்லாத நீல இலை. மரத்தின் வயது எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதே காரணம். உச்சி முதிர்ந்துகொண்டே போகும்போதும் அடிமரத்தில் உறங்கும் மொட்டுகள் இளமையை இழப்பதில்லை. மறுதாம்பு விட்டு, வளர்ந்ததும் திரும்ப வெட்டும் முறை இந்த இளமையை நம்பியே நடந்தது. ஒரு முறை நட்டால் போதும், விறகு வந்துகொண்டே இருக்கும்.

விறகோடு தைலமும் சேர்ந்துகொண்டது. 1850-களில் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பொசிஸ்டோ தொடங்கிய தொழில், இம்மலையில் சிறு கொட்டகைகளில் வேர்பிடித்தது. இலையைக் கொப்பரையில் திணித்து, மூடி, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியே குளிர்ந்த நீரைக் கடந்து சொட்டும். தைலம் தண்ணீரின் மேல் மிதக்கும். சாறு போன சக்கை காய்ந்தபின் அதுவே அடுத்த கொப்பரைக்கு எரிபொருள். மரத்தடியில் உதிர்ந்த அரிவாள் இலைகளைக் கூட்டி, மூட்டை கட்டிச் சுமந்த கைகள்தான் இத்தொழிலைத் தாங்கின. தைலப் புட்டியின் புகழில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

உருவம் மாறும் பொறியை அறிவியல் பிடித்தது சமீபத்தில்தான். மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 என்ற சின்னஞ்சிறு மூலக்கூறு இளந்தளிரில் நிறைந்திருந்து, முதிர்ந்த இலையை வரவழைக்கும் மரபணுக்களை அடக்கி வைக்கிறது. வயது ஏற அதன் அளவு குறைகிறது. அடக்கம் தளர்ந்ததும் இலை மாறுகிறது. முதலில் சிறு செடிகளில் தெரிந்த இந்த விதி மரங்களுக்கும் பொருந்தும் என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் சோதிக்கப்பட்ட மரங்களில் நீலகிரிக்கு வந்த இதே இனமும் ஒன்று.

அறிவியல் இதை விளக்குவதற்கு முன்பே, காகித ஆலைகளுக்கு மரம் வளர்ப்போர் அடிக்கட்டைத் துளிரின் இளமையைத் தொழிலாகவே மாற்றினார்கள். உச்சிக் கிளைத் துண்டு எளிதில் வேர்விடாது. அடிக்கட்டைத் துளிரோ வேர்விடும். எனவே தேர்ந்த மரத்தை வெட்டித் துளிர்க்க வைத்து, அந்தத் துளிரிலிருந்து ஒரே மாதிரி மரங்களைப் பெருக்கினார்கள். 1970-களின் இறுதியில் பிரேசிலில் பெருமளவில் தொடங்கிய இம்முறை பின்னர் இந்தியாவுக்கும் வந்தது.

இப்போது நீலகிரியில் காற்று திசை மாறியிருக்கிறது. அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியையும் சோலையையும் மீட்கும் பணி நடக்கிறது. இம்மரத் தோட்டங்களுக்குப் பறிபோன புல்வெளிகளை நினைத்தால் அது காலம் தாழ்ந்த நியாயம். ஆனால் மரத்தை அறுத்துச் சாய்ப்பதோடு அந்த வேலை முடிவதில்லை. கட்டையை அப்படியே விட்டுவிட்டால் நீலத் துளிர் எழும்பிவிடும் என்பதால், அதைக் கவனித்துத் திரும்பத் திரும்ப ஒடித்துப்போட ஆள் வேண்டியிருக்கிறது.