முந்நூறு குழிகள்

பள்ளிவாசல் வளாகத்திலும் மையவாடியின் ஓரங்களிலும் ஊர்ப் பொது இடங்களிலும் மரம் நட்டு வளர்க்கும் பணியில் சேர நம் இளைஞர்கள் விரும்புகின்றனர். ஆயினும், "எங்களுக்கு விவசாயம் தெரியாதே!" என்ற தயக்கம் பலரைத் தடுத்து நிறுத்துகிறது. இத்தயக்கத்திற்கான விடை மதீனாவின் வரலாற்றில் இருக்கிறது.

கி.பி. 622இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த முஹாஜிர்களுள் பலர் வணிகம் அறிந்தவர்கள். அவர்கள் விட்டு வந்த மக்காவோ பயிர் விளையாத பள்ளத்தாக்கு. மதீனத்து அன்ஸாரிகள் பேரீச்சந் தோட்டங்களில் பழகியவர்கள். அவர்கள் தம் தோட்டங்களைச் சகோதரர்களுக்குப் பங்கிட்டுத் தருமாறு நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினர். அண்ணலார் அதற்கு இணங்கவில்லை. தோட்ட வேலையில் முஹாஜிர்கள் பங்கேற்பது, விளைச்சலை இரு சாராரும் பகிர்ந்துகொள்வது என முடிவாயிற்று. தோட்டக்கலை தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே விதிக்கப்படவில்லை. உழைக்கும் மனமே கேட்கப்பட்டது.

அடுத்தது ஸல்மான் அல்ஃபாரிஸி (ரலி) அவர்களின் வரலாறு. அடிமைத்தளையின் காரணமாக பத்ரு, உஹது போர்களில் அவர்களால் கலந்துகொள்ள இயலவில்லை. முந்நூறு பேரீச்ச மரங்களை நட்டுத் தருவதும் நாற்பது ஊக்கியா செலுத்துவதுமே அவர்களின் விடுதலைக்கான விலை. "உங்கள் சகோதரருக்கு உதவுங்கள்" என்ற கருத்தில் நபியவர்கள் தோழர்களை அழைத்தார்கள். ஒருவர் முப்பது கன்றுகளையும், மற்றொருவர் இருபதையும், வேறொருவர் பதினைந்தையும், இன்னொருவர் பத்தையும் கொண்டு வந்தனர். குறைவாகக் கொண்டு வந்தவரை எவரும் குறைத்து மதிப்பிடவில்லை. ஸல்மான் (ரலி) குழி தோண்டத் தோழர்களும் உடன் தோண்டினர். பின்னர் நபியவர்கள் தம் திருக்கரங்களாலேயே கன்றுகளை நட்டார்கள். அவற்றுள் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. ஊர் கூடித் தோண்டிய குழிகள் ஒரு மனிதரின் விடுதலைக்கு வழி திறந்தன.

மூன்றாவது பாடம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பேரீச்சையில் மகரந்தம் சேர்க்கும் வழக்கம் குறித்து நபியவர்கள் ஒரு கருத்தைக் கூற, மக்கள் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர், விளைச்சல் குறைந்தது. உலகியல் தொழில்களில் அவற்றை அறிந்தவர்களுக்கே கூடுதல் தெளிவு உண்டு என்பதை அண்ணலார் அப்போது உணர்த்தினார்கள். தோட்டப் பணிக்குப் புதிதாக வருவோர் மண்ணறிந்தவரிடம் கேட்டு நடக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

கள்ளக்குறிச்சியில் வாழும் நமக்கு அத்தகைய ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. சமவெளியில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைவிக்கும் உழவர்கள் இருக்கின்றனர். கல்வராயன் மலையில் தலைமுறைகளாக வாழும் மலையாளி பழங்குடி மக்கள் அம்மலையின் மண்ணையும் மழையையும் அறிந்தவர்கள். மலையில் தழைப்பது கோமுகி ஆற்றங்கரையில் தழைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே எந்தக் கன்று, எவ்வளவு இடைவெளி என்பதை முதலில் அவர்களிடம் கேட்டறிவோம். குழி தோண்டுதல், தொழுஉரம் சுமத்தல், களை எடுத்தல் ஆகிய எளிய பணிகளிலிருந்து தொடங்குவோம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நட்டால் கன்று வேர்பிடிக்க ஈரம் கிடைக்கும். எனினும், அடுத்துவரும் கோடையில் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுவோரே அதை மரமாக்குகின்றனர்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழி தரும் நற்செய்தி. அந்நன்மையில் பங்கு பெறும் நல்வாய்ப்பை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.