சிலுவையை முத்தமிட்டவனும் நாம் மறந்த மூவரும்



லிசியே திருப்பயணம் முடிந்து பாரிசுக்குத் திரும்பும் வழியில், வழக்கம்போல் இம்முறையும் பேருந்தில் பிரான்சினியின் வரலாற்றைச் சொன்னேன். கொலைக் குற்றத்திற்காகத் தலை வெட்டப்படவிருந்த ஒருவன், சிறுமி தெரேசாவின் செபத்தால் கடைசி நொடியில் சிலுவையை முத்தமிட்டான் என்ற வரலாறு உங்களுக்கும் தெரிந்ததே. நான் முடித்ததும் பின்னிருக்கையிலிருந்து முதிய தாய் ஒருவர் கேட்டார்: "சுவாமி, அவன் வெட்டின பிள்ளைக்கு ஆர் செபிச்சது?"

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நிகழ்வை மறையுரைகளில் எடுத்தாண்டு வருகிறேன். மாண்டவர்களின் பெயர்களை ஒருமுறையும் நான் உச்சரித்ததில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

1887 மார்ச் 17 அன்று, பாரிசில் மொந்தேன் தெரு 17ஆம் இலக்க இல்லத்தில் மூவர் கழுத்தறுக்கப்பட்டுக் கிடந்தனர். ஷான்செலிசேயை ஒட்டியுள்ள அத்தெரு இன்று ஜான் மெர்மோஸ் தெரு எனப்படுகிறது. வீட்டுத் தலைவி மரி ரெஞ்ஞோ, செல்வந்தர்களின் ஆதரவில் வாழ்ந்தவர். ரெஜீன் த மொந்தீய் என்ற பெயரால் ஊர் அவரை அறிந்திருந்தது. அடுத்தவர் அவருடைய பணிப்பெண் அன்னெத் கிரெமெரே. மூன்றாவது உயிர், அதே வீட்டில் வளர்ந்த மரி என்னும் சிறுமி. அவருடைய நகைகள் காணாமற்போயிருந்தன.

சில நாட்களில் மர்செய் நகரிலிருந்து தகவல் வந்தது. அங்கே ஒரு விலைமாதர் இல்லத்தில் ஒருவன் விலையுயர்ந்த நகைகளை அள்ளிக் கொடுத்திருந்தான். ஐயுற்ற இல்லத்தார் காவல்துறைக்கு அறிவித்தனர். பிடிபட்டவன் ஆன்றி பிரான்சினி. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இத்தாலியப் பெற்றோருக்குப் பிறந்தவன். பல மொழிகள் பேசி மொழிபெயர்ப்பாளனாகப் பிழைத்தவன். அந்த இரவு அவன் தன்னுடனேயே இருந்தான் என்று முதலில் சாட்சி சொன்ன அவன் காதலி, பின்னர் அதை மாற்றிக்கொண்டாள். ஜூலை 13 அன்று மரண தண்டனை விதிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஜூல் கிரேவி கருணை காட்டவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் செல்ல மனம் இடங்கொடுக்கவில்லை. அன்றைய பாரிஸ் நாளேடுகள் அவனது குற்றத்தைப் போலவே அவனது அந்நியத்தன்மையையும் பெரிதாக எழுதின. கிழக்கிலிருந்து வந்தவன், பல மொழிக்காரன், ஊர்சுற்றி என்று. ஒருவன் செய்ததற்கு அவன் வந்த திசை முழுவதும் பழி சுமக்கும் வழக்கத்தை இந்நாட்டில் வாழும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. அவனது குற்றத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அவன் இறுதிவரை குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போது தெரேசாவுக்கு வயது 14. செய்தித்தாள்களைப் படிக்க அவருடைய தந்தை அனுமதிப்பதில்லை. வீட்டில் பிறர் பேசக் கேட்டே பிரான்சினியைப் பற்றி அறிந்துகொண்டார். அவன் மனந்திரும்பாமல் இறந்துவிடலாகாது என்று செபித்தார்; அக்காள் செலீன் வழியாக ஒரு திருப்பலியும் ஒப்புக்கொடுக்கச் செய்தார். ஓர் அடையாளம் மட்டும் கேட்டார். ஆகஸ்ட் 31 விடியற்காலையில், ரொக்கெத் சிறைவாயிலின் முன், கூட்டம் பார்த்திருக்க, லூயி தெய்ப்லர் கில்லட்டினை இயக்கினார். அதற்கு ஒரு கணம் முன்பு பிரான்சினி சிறைக்குரு ஃபோர் அடிகள் நீட்டிய பாடுபட்ட சுரூபத்தை முத்தமிட்டான். தந்தையின் தடையையும் மீறி மறுநாள் 'லா குருவா' ஏட்டைத் திறந்த தெரேசா, கண்ணீரை மறைக்க அவ்விடம் விட்டு ஓடினார். அவனைத் தம் முதற்பிள்ளையாகவே கருதினார்.

அந்த முத்தம் எதைக் காட்டுகிறது? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நெடுங்காலம் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அச்சமும் மனத்துயரும் ஒரே முகத்தில் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன், எது எங்கே முடிகிறது என்று பிரித்தறிய என்னால் இயன்றதில்லை. தெரேசா பிரித்தறிய முயலவில்லை. கேட்ட அடையாளம் கிடைத்தது, அவருக்கு அது போதுமாயிற்று.

ஆனால் அவருடைய தன்வரலாற்றில் அந்தப் பகுதியை மீண்டும் புரட்டிப் பாருங்கள். கொடிய குற்றங்கள் என்ற அளவில் குறிப்பு நின்றுவிடுகிறது. மாண்ட மூவரின் பெயரும் அங்கே இல்லை. அவரைக் குறைசொல்ல எழுதவில்லை. செய்தித்தாள் மறுக்கப்பட்ட 14 வயதுச் சிறுமி அவர். நான் அப்படியல்லவே! மேலும், அவனது ஆன்மாவுக்காகச் செபித்தாரேயன்றி, கில்லட்டின் தடுக்கப்பட வேண்டும் என்று அவர் கேட்டதாக அங்கே இல்லை. அக்காலத் திருச்சபையும் அரசின் அந்த உரிமையை மறுக்கவில்லை. மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று மறைக்கல்வி நூலின் 2267ஆம் எண் திருத்தப்பட்டது 2018இல்தான். பிரான்சு அதை 1981இலேயே ஒழித்துவிட்டது.

தண்டனைக்குப் பின் நடந்ததையும் கேளுங்கள். மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவ்வுடலின் தோலில் ஒரு துண்டைக் காவலர் ஒருவர் பெற்று, பதனிட்டு, முகவரி அட்டை வைக்கும் உறைகளாகச் செய்வித்துத் தம் மேலதிகாரிகளுக்குப் பரிசளித்தார். செய்தி ஏடுகளில் வெளியாகி நகரமே அருவருத்தது. மூன்று உயிர்களுக்கு நீதி செய்ததாகச் சொன்ன கைகளே அதைச் செய்தன. இதை மட்டும் நான் பேருந்தில் சொல்வதில்லை, குழந்தைகள் இருப்பார்கள்.

11ஆம் வட்டாரத்தில் குருவா ஃபோபேன் தெரு தொடங்கும் இடத்தில், சாலையில் பதித்த ஐந்து கருங்கற்களை இன்றும் காணலாம். கில்லட்டினின் கால்கள் அவற்றின்மீதே ஊன்றப்பட்டன. சென்ற வாரம் தனியே போய்ப் பார்த்தேன். அவற்றின்மேல் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. பிரான்சினிக்காக ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொன்னேன். பிறகு அங்கிருந்து நிலக்கீழ் இரயிலேறி ஜான் மெர்மோஸ் தெருவுக்குச் சென்று, மேலும் மூன்று சொன்னேன்.

நவம்பர் 2ஆம் நாள் திருப்பலிக்கு உங்கள் இறந்தோரின் பெயர்களை எழுதித் தருவீர்கள் அல்லவா? இவ்வாண்டுப் பட்டியலின் தலைப்பில் மரி ரெஞ்ஞோ, அன்னெத் கிரெமெரே, சிறுமி மரி என்று நானே எழுதிவிட்டேன். அந்தத் தாயிடமும் தொலைபேசியில் சொன்னேன். "பிள்ளையின்ர பேரை முதல்ல வாசியுங்கோ சுவாமி" என்றார்.