லூன் பாதுகாப்புக் குழு

லூன் பாதுகாப்புக் குழு, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில ஏரிகளில் கூடுகட்டும் லூன் பறவைகளைக் காக்கும் அமைப்பு. 1975இல் தொடங்கப்பட்டது. தலைமையகம் மோல்டன்பரோவில், வின்னிபசாக்கி ஏரிக்கரையில் உள்ளது.

மூழ்கி மீன் பிடிப்பதில் லூன் கைதேர்ந்தது. ஆனால் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருப்பதால் தரையில் நடக்கத் தடுமாறும். அதனால் நீர்விளிம்பை ஒட்டியே கூடமைத்து, பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். நீர்மட்டம் உயர்ந்தால் கூடு மூழ்கிவிடும். தாழ்ந்தால் பறவையால் கூட்டுக்கு ஏற முடியாது. படகுகள் நெருங்கினால் அடைகாக்கும் பறவை நீரில் இறங்கிவிடும். காவலற்ற முட்டைகளை ரக்கூன்கள் தின்றுவிடும்.

இங்குதான் தன்னார்வலர்களின் பணி தொடங்குகிறது. அடைகாப்பு நீளும் ஏறக்குறைய நான்கு வாரமும் கூடுகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கிறார்கள். படகுகள் விலகிச் செல்ல, கூட்டைச் சுற்றி மிதவைக் கயிறும் எச்சரிக்கைப் பலகைகளும் அமைக்கப்படுகின்றன. நீர்மட்டம் நிலையில்லாத ஏரிகளில், மரக்கட்டைகளால் கட்டிய தெப்பங்களை மிதக்கவிடுகிறார்கள். நீரோடு ஏறி இறங்கும் இத்தெப்பங்களில் லூன்கள் கூடுகட்டுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் பல ஏரிகளில் ஒரே நேரத்தில் லூன் கணக்கெடுப்பும் நடக்கிறது.

வளர்ந்த லூன்களின் பெரும் எமன், தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு. அரைவைப் பைக்காகக் கூழாங்கற்களை விழுங்கும்போதோ, தூண்டில் தைத்த மீனைத் தின்னும்போதோ ஈயம் வயிற்றுக்குள் போய்விடுகிறது. ஒரு சிறு குண்டே பறவையைக் கொன்றுவிடும். குழுவின் நெடுங்கால ஆய்வுகள் இதை அம்பலப்படுத்தின. ஒரு அவுன்ஸ் அல்லது அதற்குக் குறைந்த எடையுள்ள ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனையையும், நன்னீரில் அவற்றின் பயன்பாட்டையும் மாநிலச் சட்டம் 2016 ஜூன் 1 முதல் தடைசெய்தது.